லிஃப்ட்காரர் கையை நீட்டிய கதை

உயரமான கட்டடங்களில் லிஃப்ட் பாதி வழியில் நின்றுபோனால் உள்ளே இருப்பவர்கள் முதலில் கடவுளைக் கூப்பிடுவார்கள். அப்புறம் காவலாளியைக் கூப்பிடுவார்கள். காவலாளி இவரைக் கூப்பிடுவார். இந்த மூவரில் வந்து சேருகிறவர் இவர் ஒருவர்தான்.

பெற்றவர்கள் இவருக்கு வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறது. மற்றபடி எல்லோருக்கும் இவர் ‘மேலகீழ’. “மேலகீழ அண்ணன் வந்துட்டாரா?” “அந்த மோட்டார் சத்தத்தை மேலகீழ சார்கிட்ட சொல்லு.” ஆயுசில் பாதியை மேலே போயும் மீதியைக் கீழே வந்தும் கழித்த மனிதருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

இருட்டான லிஃப்ட் குழிக்குள் பெட்டியின் தலைமேல் குந்திக்கொண்டு, டார்ச்சைப் பல்லில் கவ்விக்கொண்டு, கம்பி வடத்தைத் தடவிப் பார்க்கிறபோது அவர் பாட்டு முணுமுணுப்பார். கீழே எட்டிப் பார்த்தால் நமக்கு வயிற்றைக் கலக்கும். அவருக்கோ அப்போதுதான் பசி எடுக்கும். உயரம், இருட்டு, கரண்ட், குடியிருப்போர் சங்கச் செயலாளர் என்று உலகம் அஞ்சுகிற எதற்கும் அவர் அஞ்சியதில்லை.

அவருடைய தொழிலில் எங்கேயும் எழுதி வைக்காத விதி ஒன்று உண்டு. பழுது பார்த்த லிஃப்டில் முதல் சவாரி பழுது பார்த்தவருக்கு. ‘சரி பண்ணிட்டேன்’ என்று வாயால் சொன்னால் ஒருத்தரும் ஏறமாட்டார்கள். தானே உள்ளே போய், கதவை மூடிக்கொண்டு, உச்சி மாடிவரை போய் இறங்கி வந்து, கதவு திறக்கும்போது சிரித்த முகமாக நிற்கவேண்டும். அந்தச் சிரிப்புதான் ரசீது.

இப்பேர்ப்பட்டவருக்கு ஒரே ஒரு பயம். ஊசி.

தையல் ஊசி இல்லை. அதில் பட்டன் தைப்பார். உடம்புக்குள் போகிற ஊசி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் கம்பெனியில் ரத்ததான முகாம் வைத்தார்கள். வரிசையில் நின்றார். முன்னால் இருந்தவர் சட்டைக் கையைச் சுருட்டினதுவரை ஞாபகம் இருக்கிறது. அடுத்த ஞாபகம், பழச்சாறு மேசைக்கு அடியில் ஆரஞ்சு நிறத்தில் நனைந்து கிடந்தது. ரத்தம் கொடுக்காமலே ஜூஸ் வாங்கிக்கொண்ட ஒரே ஊழியர் என்று கொஞ்ச நாள் கேலி பேசினார்கள். மகள் பிறந்த அன்று பிரசவ அறைக்கு வெளியே நின்றிருந்தார். நர்ஸ் ஒருத்தி தட்டில் ஊசியோடு அவரைக் கடந்து போனாள். கடந்துதான் போனாள். அன்றைக்குத் தாயும் சேயும் நலம். தகப்பனுக்குத்தான் தலையில் புடைப்பு.

இந்த விஷயம் வெளியே பரவாமல் பார்த்துக்கொண்டவள் அவர் மனைவி. சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிறவள். கல்யாணமான நாளிலிருந்து அவள் கட்டிக்காத்த ஒரே ரகசியம் இதுதான். அதற்கான வாடகையையும் அவ்வப்போது வசூலித்துக்கொள்வாள். “குப்பையக் கொட்டிட்டு வரீங்களா, இல்ல பாப்பாகிட்ட அந்த ஜூஸ் கதைய எடுத்து விடவா?” குப்பை உடனே வெளியேறிவிடும்.

ஏனென்றால் மகள், அப்பாவுக்குப் பயமே கிடையாது என்று நம்பி வளர்ந்தவள். பள்ளிக்கூடத்தில் மற்ற பிள்ளைகள் எங்கப்பா போலீஸ், எங்கப்பா மேனேஜர் என்று பீற்றிக்கொண்டபோது இவள், “எங்கப்பா லிஃப்ட் மேலயே உக்காந்து போவாரு” என்று ஒரே வரியில் அத்தனை பேர் வாயையும் அடைத்தவள்.

அந்த மகள் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு ஒரு நாள் மாலை சாப்பாட்டு மேசையில் சொன்னாள்:

“அப்பா, நான் லேப் டெக்னீஷியன் படிக்கப் போறேன். நோயாளிகிட்ட ரத்தம் எடுத்து, சோதிச்சுப் பாத்து, ரிப்போர்ட் கொடுக்கறது.”

“எடுக்கறதுன்னா... எப்படிம்மா எடுப்பாங்க?”

“ஊசியாலதான்ப்பா. கரண்டியாலயா எடுப்பாங்க?”

மனைவி தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் மெல்ல நகர்த்தி வைத்தாள்.

ஊரில் இதற்கென்று இரண்டு கல்லூரிகள் இருந்தன. ஒன்று புதுசு, ஒன்று பழசு. அந்த வார முடிவோடு சேர்க்கை முடிகிறது. எதில் சேர்ப்பது என்று பார்த்துச் சொல்லவேண்டிய பொறுப்பு அப்பாவுடையது. மகள் புதுசில்தான் கண் வைத்திருந்தாள். அதன் விளம்பரத்தில் வெள்ளைக் கோட்டு போட்ட பிள்ளைகள் சும்மா நின்றுகொண்டே சந்தோஷமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

புதுக் கல்லூரிக்குள் நுழைந்ததுமே மேலகீழவின் நெஞ்சில் கட்டியிருந்த முடிச்சு தளர்ந்தது. ஆஸ்பத்திரி வாடை இல்லை. ஊசி இல்லை, பஞ்சு இல்லை. நறுமண மெழுகுவர்த்தி வாசனை. மாணவர் ஆலோசகர் என்று சட்டையில் அட்டை குத்தியிருந்த ஒரு பெண், பிறந்தபோதே சிரித்துக்கொண்டு பிறந்தவள் போல வந்து வரவேற்றாள். லிஃப்டில் ஏற்றினாள். சுற்றிலும் கண்ணாடி. அது கிளம்பியதும் தெரியவில்லை, நின்றதும் தெரியவில்லை. கதவு திறந்ததும் மேலகீழ குதிகாலால் வாசற்படியைத் தடவிப் பார்த்தார். தளத்தோடு தளமாக, நூல் பிசகாமல் நின்றிருந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆய்வுக்கூடம் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் இருந்தது. அதன் நடுவில் இன்னொரு கண்ணாடிப் பெட்டி. பெட்டிக்குள் நீல வெல்வெட் துணிமேல் ரப்பரில் செய்த கை ஒன்று, முழங்கை மடிப்பும் நரம்போட்டமும் அச்சு அசலாக, கேட்பாரில்லாமல் படுத்திருந்தது. பக்கத்தில் ‘தொடாதீர்கள்’ என்று அறிவிப்பு.

“பசங்க ரத்தம் எடுத்துப் பழகறதுக்கான கை சார். வெளிநாட்டுல இருந்து வரவழைச்சது,” என்றாள் ஆலோசகர்.

மேலகீழ பயபக்தியோடு அதைப் பார்த்தார். ஒரு பொட்டுத் துளைகூட இல்லை. பார்க்கப் பார்க்க நிம்மதியாக இருந்தது. பயம் வராத இடம் நல்ல இடம் என்று மனசு தீர்ப்பு எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் விவரித்தார்.

“வழுக்கிட்டுப் போகுது. நிக்கறதே தெரியல. அப்படி ஒரு லிஃப்ட்ட நான் என் சர்வீஸ்ல பாத்ததில்ல.”

“நான் லிஃப்ட்டக் கேக்கல. காலேஜ் எப்படி?”

“அதத்தான் சொல்றேன். பராமரிப்ப வச்சே ஒரு இடத்த எடை போட்டுறலாம். பட்டனெல்லாம் கண்ணாடி மாதிரி இருக்கு.”

“எல்லாப் பட்டனுமா?”

“தரைத்தளமும் ரெண்டாவது மாடியும் கொஞ்சம் தேஞ்சிருக்கு. ரெண்டாவதுல பணம் கட்டற ஆபீஸ். லேப் இருக்கற மாடிப் பட்டன்தான் புத்தம் புதுசு. மேல ஒட்டியிருக்கற பிளாஸ்டிக் தாளைக்கூட உரிக்காம வச்சிருக்காங்க. அக்கறையப் பாரேன்!”

மனைவி சாப்பாடு பரிமாறுவதை நிறுத்தினாள்.

“எங்க கடையில ஓரமா ஒரு பில் மெஷின் நிக்குது. அதுலயும் பட்டனெல்லாம் புதுசு. ஏன்னா அது ரிப்பேர், ஒருத்தரும் தொடறதில்ல. என் மெஷின்ல வந்து பாருங்க, பாதி நம்பர் அழிஞ்சுபோச்சு.”

மேலகீழவின் முதுகுத்தண்டில் ஏதோ ஒன்று கீழ்நோக்கி இறங்கியது. பிரேக் இல்லாமல்.

“அம்மா, நீ சும்மா இரும்மா,” என்றாள் மகள். “அப்பா பாத்துட்டு வந்தா சரியாத்தான் இருக்கும்.”

“பாத்தாராம்! ஏன்டி, ரிப்பேர் பண்ண லிஃப்ட்ட உங்கப்பா சும்மா நின்னு பாத்துட்டா வருவாரு? ஏறிப் பாத்துட்டுல்ல வருவாரு!”

மகளின் முகம் பளிச்சென்று ஆனது. “ஆமாப்பா! நீங்க முதல் சவாரி போங்க. அங்க கடைசி வருஷம் படிக்கறவங்ககிட்ட கையைக் கொடுத்து ரத்தம் எடுக்கச் சொல்லுங்க. ரெண்டு காலேஜ்லயும் எடுத்துப் பாத்துருவோம். உங்களுக்கென்ன பயமா?”

மனைவி கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். தான் இழுத்துவிட்ட கயிறு யார் கழுத்தில் போய் விழுந்தது என்று அவளுக்கே அப்போதுதான் உறைத்திருக்கவேண்டும். “அதில்லடி, நான் என்ன சொல்ல வந்தேன்னா...” என்று ஆரம்பித்தாள்.

“எனக்கென்ன பயம்?” என்றார் மேலகீழ. அவர் குரல்தான். ஆனால் அடுத்த வீட்டிலிருந்து கேட்ட மாதிரி இருந்தது.

மறுநாள் பஸ்ஸில் போகும்போது அவர் பல நல்ல விஷயங்களை வேண்டிக்கொண்டார். பஸ் டயர் பஞ்சராகலாம். எங்கேயாவது ஒரு லிஃப்ட் நின்றுபோகலாம். சங்கச் செயலாளர்கூட போன் செய்யலாம், தப்பில்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓயாமல் கத்துகிற போன் அன்றைக்கு என்று கல்லுப்பிள்ளையார் மாதிரி கிடந்தது. மகள் ஜன்னலோரம் உட்கார்ந்து, தான் சேரப் போகும் கல்லூரியைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தாள். அவர் உள்ளங்கையை வேட்டி, சட்டை, பஸ் இருக்கை என்று கிடைத்த இடத்திலெல்லாம் துடைத்துக்கொண்டே வந்தார்.

விஷயத்தைக் கேட்டதும் ஆலோசகரின் சிரிப்பு ஒரு பக்கமாகக் கழன்றது.

“ரத்தம் எடுக்கணுமா? உடம்பு சரியில்லையா சார்?”

“நல்லாத்தான் இருக்கேன். சும்மா... ஏறிப் பாக்கத்தான்.”

“எங்ககிட்ட வர்ற பெற்றோர் யாரும் இதுவரைக்கும் இப்படிக் கேட்டதில்ல சார்.”

‘அப்ப விடுங்க’ என்று சொல்ல வாயைத் திறந்தார். மகள் பக்கத்தில் பெருமையோடு நின்றுகொண்டிருந்தாள். வாயை மூடிக்கொண்டார்.

உள்ளே யார் யாரோ போனில் பேசினார்கள். கதவுகள் திறந்து மூடின. கடைசியில் மகளை வரவேற்பு வீடியோ பார்க்க ஒரு அறைக்கும், அவரை ஆய்வுக்கூடத்துக்கும் பிரித்து அனுப்பினார்கள். கடைசி வருஷ மாணவன் ஒருவன் வந்தான். நெட்டையாக இருந்தான். வெள்ளைக் கோட்டில் கடையில் மடித்த மடிப்பு இன்னும் போகவில்லை. ஆலோசகருக்கு அழைப்பு வந்தது, வெளியே போனாள். கண்ணாடி அறைக்குள் அவனும் இவரும், பெட்டிக்குள் படுத்திருந்த அந்தக் கையும் மட்டும்.

“எறும்பு கடிச்ச மாதிரிதான் சார் இருக்கும்,” என்றான் மாணவன். எந்த எறும்போ அவனையே கடித்துக்கொண்டிருந்த மாதிரி குரல் நடுங்கியது.

ரப்பர் பட்டையை எடுத்து முழங்கைக்குக் கீழே கட்டினான். கட்டவேண்டியது மேலே. மேலேயா கீழேயா என்பதில் ஊருக்கே அதிகாரியான மேலகீழவுக்கு அது அன்றைக்குத் தெரியவில்லை. அவருக்கு எதுவும் தெரிகிற நிலைமை இல்லை. காதுக்குள் மோட்டார் ஓடியது. பையன் ஊசியின் மூடியைக் கழற்றப் பார்த்தான், வரவில்லை. பல்லால் கடித்து இழுத்தான். வந்துவிட்டது.

வெளிச்சத்தில் அந்த முனை மினுங்கியபோது, எதையாவது பேசி நேரத்தைக் கடத்தவேண்டும் என்பதற்காகத்தான் அவர் கேட்டார்:

“தம்பி... இதுக்கு முன்னாடி எத்தனை பேருக்கு எடுத்திருப்ப?”

“ஆளுங்களுக்கா சார்?”

“பின்ன?”

பையன் கண்ணாடிச் சுவரைப் பார்த்தான். அப்புறம் குரலைத் தாழ்த்தினான். “வீடியோ நிறையப் பாத்திருக்கோம் சார். பரீட்சையில படம் வரைஞ்சு பாகம் குறிச்சேன். முழு மார்க்.”

“அந்த ரப்பர் கை?”

“சாவி சேர்மன்கிட்ட இருக்கு சார். இன்ஸ்பெக்‌ஷன் அன்னிக்கு வெளிய எடுப்பாங்க. நாங்க பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்குவோம்.”

“படிப்பு எப்ப முடியுது?”

“முடிஞ்சமாதிரிதான். அடுத்த மாசம் ஆஸ்பத்திரியில வேலைக்குச் சேரணும்.” அவன் எச்சில் விழுங்கினான். “குழந்தைங்க வார்டுல போட்டிருக்காங்க சார். எனக்குச் சாப்பாடே இறங்கல. யார்கிட்டப் போய் சொல்றதுன்னு தெரியல.”

ஊசி அவன் கையில் ஆடியது. இவர் கை மேசையில் ஆடியது. இரண்டு பேரும் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

“சார், ஒரு உதவி பண்ணுங்க. வலிக்குதுன்னு ஒரு சத்தம் போட்டுட்டு எந்திரிச்சுப் போயிடுங்க. நான் குத்தவே இல்லன்னு ஒருத்தருக்கும் தெரியாது.”

ஆயுசு முழுக்க மேலகீழ ஏங்கிக் கிடந்தது இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான். ரத்ததான முகாமில் யாராவது இதைச் சொல்லியிருந்தால் காலில் விழுந்திருப்பார். இப்போது கிடைத்துவிட்டது, ஆனால் எழுந்திருக்க முடியவில்லை. வேறொரு பயம் வந்து மடியில் உட்கார்ந்துகொண்டிருந்தது. இந்த ஊசி தன் கைக்குள் போகப் போவதில்லை. ஆனால் இந்தக் கை அடுத்த மாதம் ஒரு பச்சைப் பிள்ளையின் கையைப் பிடிக்கும். பெற்றவள் பக்கத்தில் நின்று, வெள்ளைக் கோட்டைப் பார்த்துத் தைரியமாக இருப்பாள். அப்புறம் கொஞ்ச காலம் கழித்து இதே மாதிரி ஒரு கோட்டைப் போட்டுக்கொண்டு, இதே மாதிரி நடுங்கிக்கொண்டு, தன் மகள்...

கத்தினார். கண்ணாடி அதிர்ந்தது. நடிக்கத் தேவைப்படவில்லை.

கீழே இறங்க லிஃப்ட் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள் ஆலோசகர். மேலகீழ படிக்கட்டில் இறங்கினார். அவர் சர்வீசில் அது முதல் தடவை.

பஸ் நிறுத்தத்தில் வைத்து மகளிடம் எல்லாவற்றையும் சொன்னார். தன் கை ஆடியதை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் சொன்னார். அவள் முதலில் நம்பவில்லை. வந்த இரண்டு பஸ்ஸிலும் ஏறவில்லை.

“அந்த அண்ணனும் என்ன மாதிரி ஆசைப்பட்டுத்தானேப்பா சேந்திருப்பாரு?” என்றாள். அவள் முகத்தில் பயத்தை அவர் முதன்முதலாக அன்றைக்குத்தான் பார்த்தார். தன் முகத்தைக் கண்ணாடியில் பார்த்த மாதிரியே இருந்தது.

மறுநாள் பழைய கல்லூரிக்குப் போனார்கள். அது ஒரு மரக்கடைக்கு மேலே இருந்தது. வாசலிலேயே ஸ்பிரிட் வாடை ஓடிவந்து அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டது. லிஃப்டின் கதவில் ‘வேலை செய்யாது’ என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். அந்த அட்டையே மஞ்சள் பூத்துவிட்டது. இதைவிடப் பெரிய அவமானம் ஒரு கட்டடத்துக்கு வரமுடியாது என்று அவருக்குத் தோன்றியது. “வேணாம்மா, லிஃப்ட்டையே இப்படி வச்சிருக்கறவங்க...” என்றார். மகள் அதற்குள் பாதிப் படி ஏறிவிட்டாள்.

மூச்சிரைக்க மேலே போய்ச் சேர்ந்ததும் இரண்டு மாணவிகள் பாய்ந்து வந்து ஆளுக்கொரு மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்கள். இவர் பறிக்கப் பார்த்தார். விடவில்லை. கடிகாரத்தைப் பார்த்து உதட்டுக்குள் எண்ணினார்கள்.

“பயப்படாதீங்க,” என்றபடி ஒரு அம்மாள் வந்தார். பயிற்சி ஆசிரியை. பிள்ளைகள் அவரை அக்கா என்றார்கள், தள்ளி நின்றே சொன்னார்கள். “லிஃப்ட் ஓடாததுல எங்களுக்கு ஒரு சௌகரியம். மாடி ஏறி வர்றவங்க நாடி நல்லாத் துள்ளும். புதுசா வந்த பிள்ளைங்க எண்ணிப் பழகிக்கும்.”

கூடத்தில் பிள்ளைகள் ஜோடி ஜோடியாக உட்கார்ந்து ஒருவர் கையில் ஒருவர் பட்டை கட்டி அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். மேசை மேல் ஒரு ரப்பர் கை கிடந்தது. அதைப் பார்த்ததும் மேலகீழ ஓரடி பின்வாங்கினார். சல்லடையாகிப்போயிருந்தது. சைக்கிள் டியூபுக்கு ஒட்டுகிற மாதிரி ஒட்டுமேல் ஒட்டு. முழங்கை மடிப்பிலிருந்து சிவப்புச் சாயம் கசிந்து, கீழே வைத்திருந்த சாப்பாட்டு டப்பாவில் சொட்டிக்கொண்டிருந்தது.

“எங்கப்பா கையில யாராவது ரத்தம் எடுத்துப் பாக்கணும்,” என்றாள் மகள். “நாங்க சேரலாமான்னு முடிவு பண்ண.”

“முடியாது,” என்றார் அக்கா. “காரணம் இல்லாம யார் தோல்லயும் ஊசி குத்தமாட்டோம். இது என்ன, துணிக்கடையில போட்டுப் பாக்கற சட்டையா?”

மேலகீழவுக்கு அந்த அம்மாளைக் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது. எவ்வளவு நல்ல கல்லூரி! “அதானே, நியாயம்தானே, வாம்மா போலாம்,” என்று திரும்பினார்.

“நில்லுங்க. உங்களுக்கு என்ன வயசு? சர்க்கரை கடைசியா எப்பப் பாத்தீங்க?”

“அது... பாத்ததில்ல.”

“பாத்ததே இல்லையா? இந்த வயசுல?” அக்கா அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். “அப்ப காரணம் கிடைச்சிருச்சு. பக்கத்துலயே எங்க கிளினிக் இருக்கு, டாக்டரம்மா சீட்டு எழுதிக் கொடுப்பாங்க. வாங்க.”

சில பொறிகள் அப்படித்தான். தப்பித்துவிட்டோம் என்று மூச்சு விடுகிறபோதுதான் கதவு சாத்தும்.

கிளினிக்கில் ஒரு நாற்காலி, பக்கத்தில் ஒரு கட்டில். கடைசி வருஷ மாணவி ஒருத்தி வந்தாள். ஒற்றைப் பின்னல், சாயம் போன கோட்டு. அக்கா சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மகள் அப்பாவின் தோளுக்குப் பின்னால் நின்றாள். அந்தப் பெண் கையைக் கழுவினாள். வந்து எதிரே உட்கார்ந்தாள். தட்டைத் தொடவில்லை. முதலில் ஒரு கேள்வி கேட்டாள்:

“ஊசின்னா மயக்கம் வருமா உங்களுக்கு?”

இத்தனை வருஷத்தில் இதை யாரும் அவரிடம் கேட்டதில்லை.

“எனக்கா? சேச்சே.” சிரித்தார். “நான் லிஃப்ட் மேலயே உக்காந்து போறவன்.”

அவள் சிரிக்கவில்லை. அவருடைய மேலுதட்டைப் பார்த்தாள். அங்கே வியர்வை முத்து முத்தாகக் கோத்திருந்தது. “அது சரிங்க. நான் இதைக் கேட்டேன். பொய் சொன்னா தரையில விழுவீங்க. உண்மையச் சொன்னா கட்டில்ல விழலாம்.”

மகளின் மூச்சு அவர் காதோரத்தில் கேட்டது. பிரேக் பிடிக்காத பெட்டியில் நிற்கிற மாதிரி இருந்தது அவருக்கு. ஒவ்வொரு மாடியாகக் கடந்து போனது. கம்பெனி முகாம், பழச்சாறு மேசை, பிரசவ அறை வாசல், ‘எங்கப்பா லிஃப்ட் மேலயே’.

“வரும்,” என்றார். “விழுந்துருவேன். சின்ன வயசுலேர்ந்தே. பாத்தாலே விழுந்துருவேன்.”

“அப்பா?” என்றாள் மகள்.

“உங்கம்மாவுக்குத் தெரியும்,” என்றார், என்னவோ அது ஒரு சமாதானம் போல.

“சரி, படுத்துக்குங்க,” என்றாள் மாணவி, அவர் பேருந்தில் இடம் கேட்டது போலச் சாதாரணமாக. காலுக்கடியில் தலையணை வைத்தாள். “முகத்த அந்தப் பக்கம் திருப்பிக்குங்க. பட்டை கட்டறேன். இப்ப துடைக்கறேன், ஜில்லுன்னு இருக்கும். வலிக்கும்.”

“எறும்பு கடிச்ச மாதிரியா?”

“இல்ல. ஊசி குத்தின மாதிரி.”

வலித்தது. மேற்கூரையில் ஈரம் படிந்த திட்டு ஒன்று இருந்தது. அவர் அதைப் பிடித்துக்கொண்டு தொங்கினார். ஊசி உள்ளே கொஞ்சம் நகர்ந்தது. பிறகு வெளியே வந்தது. பஞ்சு அழுத்தியது.

“தப்பிருச்சுங்க. நரம்பு கிடைக்கல. மன்னிச்சுக்குங்க,” என்றாள். மறு கையைத் தடவிப் பார்த்தாள். “எங்களுக்கு இன்னொரு தடவை குத்த அனுமதி உண்டு. ஆனா நீங்க பயந்ததுல நரம்பெல்லாம் உள்ள போயிருச்சு. குத்தினா தெரியாமத்தான் குத்துவேன். அக்கா, நீங்க வாங்க.”

சொல்லிவிட்டு எழுந்து இடம் விட்டாள். வெட்கப்படவும் இல்லை, சப்பைக்கட்டு கட்டவும் இல்லை. அக்காவும் திட்டவில்லை. “எங்க தேடின? விரல வை. இங்க, கொஞ்சம் வெளிப்பக்கமா. தெரியுதா?” என்று அவர் கையை ஒரு பாடப்புத்தகம் மாதிரி விரித்துவைத்து மாணவிக்குக் காட்டிக்கொண்டே ஊசியை இறக்கினார். குழாய்க்குள் ரத்தம் வந்ததா என்று மேலகீழ பார்க்கவில்லை. அவர் மயங்கியிருந்தார். படுத்துக்கொண்டே மயங்குவது எவ்வளவு பெரிய சௌகரியம் என்று இத்தனை காலமும் யாரும் அவருக்குச் சொன்னதில்லை.

கண் திறந்தபோது மகள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அழுதிருந்தாளா சிரித்திருந்தாளா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

“நேத்து அங்க போய் எப்படிப்பா கைய நீட்டினீங்க?”

“நீ சொன்னியேம்மா.”

அவள் அவர் சட்டைக் கையை இறக்கிவிட்டு, மணிக்கட்டுப் பட்டனைப் போட்டுவிட்டாள்.

“இங்க சேந்துக்கறியா?” என்று கேட்டார்.

“அந்தப் பின்னல் போட்ட அக்கா தப்பிருச்சுன்னு சொன்னாங்கல்ல,” என்றாள். “அந்த அண்ணனுக்கு அதச் சொல்லக்கூட யாரும் கத்துக்கொடுக்கல. சேந்துக்கறேன்ப்பா.”

சேர்ந்தாள். ஜூஸ் கதை அன்று மாலையே வீட்டில் முழு நீளத்துக்கு ஓடியது. மனைவிதான் சொன்னாள். பாதுகாத்த ரகசியம் செல்லாக்காசாகிவிட்ட வருத்தத்தில் இரண்டு இடத்தில் கூடுதலாகவும் சேர்த்துச் சொன்னாள். அதற்கப்புறம் அந்த வீட்டில் குப்பை கொட்டுவது பெரிய தகராறாகிவிட்டது.

மேலகீழவின் நிம்மதி மட்டும் திரும்பவே இல்லை. மகள் சாப்பிடும்போது அவர் முகத்தைப் பார்ப்பதில்லை, முழங்கையைத்தான் பார்ப்பாள். “கைய மடக்காம நீட்டுங்கப்பா, நரம்ப மட்டும் பாக்கறேன்,” என்பாள். டி.வி. பார்க்கிறபோது பின்னாலிருந்து வந்து பட்டை கட்டுவாள். வீட்டுக்குள் முழுக்கைச் சட்டையோடு உலாவ ஆரம்பித்தார்.

ஒரு நாள் காலை அவள் கையில் டம்ளர் ஆடுவதைப் பார்த்தார்.

“என்னம்மா?”

“இன்னிக்கு எனக்கு முதல் ஊசி. ரப்பர் இல்ல, ஆளு. என் ஜோடிக்குக் காய்ச்சல், வரல. வீட்டுல சர்க்கரை பாக்கவேண்டியவங்க சம்மதிச்சா கூட்டிட்டு வரலாம்னு அக்கா சொன்னாங்க.” டம்ளரை வைத்தாள். “நான் அம்மாவக் கூட்டிட்டுப் போறேன். நீங்க பயப்படாதீங்க.”

மனைவி அதற்குள் செருப்பைத் தேட ஆரம்பித்திருந்தாள். மேலகீழ எழுந்து வாசலுக்குப் போனார். முழுக்கைச் சட்டையின் மணிக்கட்டுப் பட்டனைக் கழற்றினார்.

“நீ இரு,” என்றார் மனைவியிடம். “முதல் சவாரி என்னோடது.”

“விழுந்துருவீங்க!”

“விழுவேன். கட்டில்லதான விழப்போறேன்.”

மரக்கடையைத் தாண்டி, ஓடாத லிஃப்டைத் தாண்டி, மாடிவரை ஏறினார். நாடியை எண்ண வந்தவர்கள் எண்ணி முடியாமல் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். கிளினிக்கில் அதே கட்டில், அதே ஈரத்திட்டு. அக்கா சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மகள் கையைக் கழுவிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். வெள்ளைக் கோட்டுக்குள் அவள் யாரோ மாதிரி இருந்தாள். தெரியாத ஒருவரிடம் கேட்பது போலக் கேட்டாள்:

“ஊசின்னா மயக்கம் வருமா உங்களுக்கு?”

“வரும்மா.”

“அப்ப படுத்துக்குங்க.” காலுக்கடியில் தலையணையை வைத்தாள். பட்டையை முழங்கைக்கு மேலே கட்டினாள். அவள் விரல்கள் சில்லிட்டிருந்தன. நரம்பைத் தேடித் தொட்டு, விட்டு, மறுபடி தொட்டன. முதலில் நடுங்கின. அப்புறம் ஓர் இடத்தில் வந்து நின்றன.

“வலிக்கும்ப்பா,” என்றாள்.

மேலகீழ ஈரத்திட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“தெரியும். குத்து.”